பதினான்கு புள்ளி இரண்டு

எட்டு மாதக் கர்ப்பிணியின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பதினான்கு புள்ளி இரண்டு என்று ஒரு இயந்திரம் சொன்னால், இருபத்தெட்டு வருடம் கிராம நர்ஸாகக் குப்பை கொட்டியவளுக்கு முதலில் வருவது சந்தேகம்தான். பியூலாவுக்கும் வந்தது. ஆனால் சந்தேகத்தைப் பதிவதற்கு அந்த இயந்திரத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. பாராட்டைப் பதிவதற்கு மூன்று இருந்தன.

"வெள்ளாங்கரை, பயனாளி தன்ஷிகா, வயது இருபத்துமூன்று. கணிக்கப்பட்ட குழந்தை எடை மூன்று கிலோ நானூறு. மாவட்டத்தின் சிறந்த கர்ப்பிணித் தாயாகத் தேர்வாகியுள்ளார். வெள்ளிக்கிழமை விழாவுக்கு அழைத்து வரவும். வாழ்த்துகள்" என்று கைப்பேசி குழைந்து குழைந்து சொன்னது.

"வாழ்த்துகளாம். இவ ஆத்தாளுக்கு நாலு பிரசவம் பாத்தவ நான். அந்தக் குடும்பத்துல பத்தத் தாண்டுன பொம்பளையே கெடையாது" என்று கைப்பேசிக்குப் பதில் சொல்லிவிட்டு பியூலா ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

வளையல் வந்து நான்கு வருடமாகிறது. அரசாங்கம் நடத்தும் சமுதாய வளைகாப்பில் கர்ப்பிணிகளை வரிசையாக உட்காரவைத்து, சந்தனம் பூசி, ஐந்து வகைச் சோறு போட்டு, கண்ணாடி வளையலோடு இதையும் மாட்டி அனுப்புவார்கள். தோல் வழியாக ஒளியைச் செலுத்தி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ரத்தத்தைப் படிக்கும். குழந்தை என்ன எடையில் பிறக்கும் என்று கணக்குப் போடும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு விளக்கு எரியும். பச்சை எரியும் வீட்டுக்கு நர்ஸ் போகத் தேவையில்லை என்பது உத்தரவு. அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. எந்தப் புண்ணியவானோ அதற்கு வாயையும் வைத்துவிட்டான். தினமும் காலை ஏழு மணிக்குத் தெருவுக்கே கேட்கும்படி, "உங்கள் ரத்த அளவு ஏழு புள்ளி ஒன்று. உங்கள் குழந்தை ஒரு கிலோ எழுநூற்றைம்பது கிராமில் பிறக்கக்கூடும். இது கவலைக்குரியது" என்று அறிவிக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால், இரும்புச் சத்தைத் தேநீர் தடுக்கும் என்று கத்தும். வெள்ளாங்கரையில் ஒரு குடும்பத்துக்கு 'ஒண்ணே முக்கா வீடு' என்று பெயரே விழுந்துவிட்டது. உப்பளத்தில் வெயிலில் வெந்துவிட்டு வரும் பெண்களுக்கு டீயையும் பன்னையும் விட்டால் வேறு சாப்பாடு கிடையாது என்பது மட்டும் வளையலுக்குத் தெரியவில்லை. பியூலா ஆறு கடிதம் எழுதிவிட்டாள். ஆறுக்கும் நன்றி என்று பதில் வந்தது.

தன்ஷிகா வாசல்படியில் உட்கார்ந்து பச்சரிசியை மென்றுகொண்டிருந்தாள். பியூலாவைப் பார்த்ததும் அரிசிக் கிண்ணத்தைச் சேலைக்குள் மறைத்தாள்.

"எதுக்குட்டி ஒளிக்க? எடு வெளிய. எத்தன நாளா இந்தத் தின்னிப் பழக்கம்?"

"சும்மா வாய்க்கு நல்லாருக்கேன்னு சிஸ்டர்."

"ரத்தமில்லாதவதாம் பச்சரிசி திங்கணும்னு அலைவா. கண்ணக் காட்டு."

கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். சிவப்பு என்று சொல்ல ஒரு கோடுகூட இல்லை. நகத்தை அழுத்தி விட்டாள். வெளுத்தது வெளுத்தபடியே இருந்தது. வயிற்றில் நாடாவை வைத்தாள். முப்பத்துநான்கு வாரத்துக்கு முப்பத்துநான்கு சென்டிமீட்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். இருபத்தொன்பதுதான் இருந்தது. படியேறி வீட்டுக்குள் போவதற்கே அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. பியூலாவுக்குப் பயம் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும்.

"வளையல் எங்கட்டி?"

தன்ஷிகா வாசலைப் பார்த்தாள். அங்கே அவள் புருஷன் இசக்கிராஜா சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தான். உப்பு லாரியில் மூட்டை ஏற்றுகிறவன், ஆறடிக்கு ஒரு விரற்கடை குறைவு. அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். பியூலா நேராகப் போய் இடது கைச் சட்டையை மேலே தள்ளினாள். முழங்கைக்குக் கீழே, நரம்பு புடைத்த கையில், வளையல் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

பியூலா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏலேய், இது ஓம் பொண்டாட்டி கைல கெடக்க வேண்டியதுல!"

"திட்டாதீய சிஸ்டர். காலைல காலைல இது கத்துனதும் அவ உக்காந்து அழுவா. ஒண்ணே முக்கா, ஒண்ணே முக்கான்னு தெருவே பேசிச்சு. கழத்தி வச்சா நாடி இல்லன்னு ஒங்களுக்குப் போன் வந்துரும். அதாம், பிள்ளைக்கு அப்பன் நாந்தான, எங்கிட்ட இருந்தா என்னன்னு போட்டுக்கிட்டேன். மூணு மாசமா ஒரு ஏச்சு இல்ல. அவளும் நிம்மதியா இருக்கா."

"நிம்மதி! அப்ப அந்தப் பேரீச்சம்பழம், வளையல் பச்சையானதும் பரிசா அனுப்புவானுவளே, அது எங்க?"

"தின்னுட்டேன் சிஸ்டர்."

"நீயா?"

"தெனமும் தின்னீங்களான்னு அது கேக்குமே. கொறஞ்சிரக் கூடாதுல்லா. முருங்கக்கீர, ஈரல், எல்லாம் அது சொல்லுத மாதிரியே கரெக்டா தின்னேன். எம் பொண்டாட்டிதாம் ஆக்கிப் போட்டா." அவன் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. "மூட்ட தூக்குறப்ப, உடற்பயிற்சி மிக நன்றுன்னு சொல்லும் சிஸ்டர்."

பியூலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை ஏசிவிட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். இவன் பாசத்தில் செய்திருக்கிறான். பாசத்தில் செய்தவனை என்ன சொல்லி ஏசுவது?

வளையலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, இருவரையும் ஆட்டோவில் ஏற்றி தாலுகா ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, தானும் பின்னாலேயே போனாள்.

டாக்டர் நிவேதிதா வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. ரத்தத்தைக் கையால் சோதிப்பதைப் புத்தகத்தில் படித்திருந்தாளே தவிர, பார்த்ததில்லை. பியூலா பூட்டிக் கிடந்த அலமாரியிலிருந்து பழைய கண்ணாடிக் குழாயை எடுத்தாள். தன்ஷிகாவின் விரலில் குத்தி, ரத்தத்தை அமிலத்தில் கரைத்து, பக்கத்துக் கண்ணாடியின் பழுப்பு நிறம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். ரத்தம் குறையக் குறையத் தண்ணீரும் குறைவாகத்தான் பிடிக்கும்; நான்கு சொட்டிலேயே நிறம் வந்துவிட்டது.

"அஞ்சு புள்ளி எட்டு" என்றாள்.

டாக்டர் மறுபடி செய்யச் சொன்னாள். மறுபடியும் அதேதான்.

"இன்னும் ஒரு மாசத்துல பிரசவம். இந்த ரத்தத்தோட வலி வந்தா, சாதாரணமாப் போற ரத்தமே இவளத் தூக்கிட்டுப் போயிரும். மாத்திரைக்கெல்லாம் நேரமில்ல. ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்தணும், இன்னைக்கே" என்ற டாக்டர், தன்ஷிகாவைக் கூட்டிக்கொண்டு, ரத்தப் பைகளைப் பூட்டிவைத்திருக்கும் தானியங்கிப் பெட்டகத்தின் முன் போய் நின்றாள். பெட்டகத்தின் கேமரா தன்ஷிகாவின் முகத்தைப் பார்த்தது.

"வணக்கம், தன்ஷிகா. உங்கள் ரத்த அளவு பதினான்கு புள்ளி இரண்டு. உங்களுக்கு ரத்தம் தேவையில்லை. விழாவில் சந்திப்போம்."

டாக்டர் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். அங்கேயும் ஒரு குரல்தான், மனிதர் இல்லை.

"அளவு தவறு. வளையலை வேற ஆள் போட்டிருக்காங்க" என்றாள் டாக்டர்.

"கர்ப்பிணிகளின் வளையலைக் கர்ப்பிணிகள் அணிந்திருப்பார்கள் என்பதே எங்கள் அடிப்படை. அளவில் ஐயம் இருந்தால், வளையலைத் தொடர்ந்து பதினான்கு நாள் அணியச் செய்யவும். சராசரி தானாகத் திருந்தும்."

"பதினாலு நாள் இவ தாங்க மாட்டா. நான் டாக்டர். நான் கையால சோதிச்ச அளவப் பதிஞ்சுக்கோங்க."

"கையால் பதியும் வசதி நீக்கப்பட்டுவிட்டது. உங்கள் அக்கறைக்கு நன்றி."

டாக்டர் போனை மேசையில் வீசினாள். "யார் சிஸ்டர் இந்த வசதிய எடுத்தது? எந்த முட்டாள் எடுத்தான்?"

பியூலா கண்ணாடிக் குழாயைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"நாங்கதாம் டாக்டர் எடுக்க வச்சோம். அந்தக் காலத்துல ஒரு நாளைக்கு அறுவது பேரச் சோதிக்கணும். குழாய் ஒண்ணு. கொறஞ்ச அளவு எழுதுனா மேல இருந்து ஏச்சு. அதனால குத்தாமலே பத்தரன்னு எழுதுவோம். எல்லாருக்கும் பத்தர. பிள்ள ரெண்டு கிலோல பொறந்தாலும் ரெண்டரன்னு எழுதுவோம். மாவட்டத்துல ஒரு லட்சம் பேருக்கு ஒரே மாதிரி ரத்தம் ஓடுதேன்னு யாரோ ஒருத்தன் கண்டுபிடிச்சான். அன்னைக்கே மனுஷங்க கைய நம்பக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டானுவ. நானும் எழுதிருக்கேன். கை கூசாம எழுதிருக்கேன்."

டாக்டர் யோசித்து யோசித்துச் சொன்னாள்.

"ஒரு வழி இருக்கு. பேர் தெரியாத பொம்பளைய ஆம்புலன்ஸ்ல கொண்டாந்தா, பெட்டகம் கேள்வி கேக்காமத் திறக்கும். ஆனா இவ முகம் பதிவுல இருக்கே. பதிவ மூடணும். மூடணும்னா பிரசவம் ஆகணும், இல்ல கரு கலையணும். ரெண்டையும் வளையல் சொல்லணும்."

"மூணாவது ஒண்ணு இருக்கு" என்றாள் பியூலா.

மூன்றாவது, சாவு. செத்தவள் கையில் வளையல் எதையும் படிக்க முடியாது என்பதால், அதை மட்டும் இன்னும் நர்ஸின் கட்டைவிரலை நம்பி விட்டிருந்தார்கள். ஆறு மணி நேரம் நாடி இல்லாமல் இருக்க வேண்டும், நர்ஸ் ரேகை வைக்க வேண்டும், அவ்வளவுதான். காலை பத்தரைக்குக் கழற்றிய வளையல் பியூலாவின் பையில், டிபன் டப்பாவுக்கும் குடைக்கும் நடுவே கிடந்தது. நாலரை மணிக்கு அது தானாகச் சிவந்து அணைந்தது. பியூலா ரேகை வைத்தாள்.

"தன்ஷிகா, வெள்ளாங்கரை. பதிவு மூடப்பட்டது" என்றது கைப்பேசி. அதே நொடியில் இசக்கிராஜாவின் சட்டைப் பைக்குள்ளிருந்து, "உங்கள் மனைவியின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல்" என்று ஒரு பெண் குரல் கேட்டது. அவனுக்குப் பக்கத்துப் பெஞ்சில் அவன் மனைவி பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, என்ன சிஸ்டர் இது, அபசகுனமா" என்று அவன் முகம் வெளிறினான்.

"வாய மூடுல. மூணு மாசமா நீ கர்ப்பமா இருந்தியே, அது அபசகுனமாத் தெரியலியா?"

ஆம்புலன்ஸில் ஏற்றி இறக்கிய பெயர் தெரியாத பெண்ணுக்காகப் பெட்டகம் மறுபேச்சில்லாமல் திறந்தது. இரண்டு நாளில் இரண்டு யூனிட் ஏறியது. மூன்றாம் நாள் தன்ஷிகா மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறினாள்.

மூன்று வாரம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. ஒரு கிலோ தொள்ளாயிரத்து முப்பது கிராம். தாய்க்கு ரத்தப்போக்கு இருந்தது, ஆனால் தாங்கிக்கொண்டாள். டாக்டர் வெளியே வந்து சுவரில் சாய்ந்து அழுதாள். பியூலா குழந்தையைக் கையில் வாங்கினாள். தோல் மடிப்பு மடிப்பாக, கன்னம் ஒட்டி, கை விரல்கள் தீக்குச்சி கனத்தில் இருந்தன. தாயின் ரத்தம் பிள்ளைக்கு மூச்சும் சாப்பாடும் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோக ஆளில்லாமல், ஒன்பது மாதமும் அரைவயிற்றோடு கிடந்து வந்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன்பே பிடித்திருந்தால் இன்னும் அரைக் கிலோவாவது கூட்டியிருக்கலாம் என்று பியூலா மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

"சட்டையக் கழத்துல" என்றாள் இசக்கிராஜாவிடம்.

"எதுக்கு சிஸ்டர்?"

"எட கொறஞ்ச பிள்ளைக்கு ஒடம்புச் சூடு வேணும். நெஞ்சுல போட்டுத் துணியால கட்டிக்கோ. ஈரலும் பேரீச்சையும் தின்னு வளத்த ஒடம்பு தான? பிள்ளைக்கு உதவட்டும்."

அவன் சட்டையைக் கழற்றினான். பகல் முழுக்க வார்டில் குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, அசைந்தால் எழுந்துவிடுமோ என்று கழுத்தைக்கூடத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தான். குழந்தை நாளுக்கு இருபது கிராம் ஏறியது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் பியூலா ஒரு பொய்யோடு நிம்மதியாக ஓய்வு பெற்றிருப்பாள். அடுத்த மாதம் சுற்றறிக்கை வந்தது. அதை டாக்டர்தான் வாசித்தாள், வாசிக்க வாசிக்க அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"கடந்த மூன்று மாதங்களில் முப்பத்தேழு கர்ப்பிணிகள் திடீரென இறந்துள்ளனர். அனைவரின் ரத்த அளவும் பதின்மூன்றுக்கு மேல். எனவே அதிக ரத்த அளவு உயிருக்கு ஆபத்தானது என்பதை வளையல் தானாகக் கற்றுக்கொண்டுள்ளது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஏழுக்கு மேல் இருந்தாலே பச்சை. பத்தைத் தாண்டினால் இரும்புச் சத்து மாத்திரை நிறுத்தப்படும்."

டாக்டர் எண்ணிக்கையை மறுபடி ஒருமுறை படித்தாள்.

"முப்பத்தேழு பேருமா சிஸ்டர்?"

"முப்பத்தேழு புருஷமாரு டாக்டர். முப்பத்தேழு நர்ஸு. எல்லாவளுக்கும் ஒரே வழிதாம் தோணிருக்கு." பியூலா சுற்றறிக்கையை வாங்கிப் பார்த்தாள். "ஏழு இருந்தாப் பச்சையாம். ஏழு இருக்கவளுக்கு மாத்திர குடுக்க எவன் வருவான்?"

"நாம போய் உண்மையச் சொல்லலாம். ஆனா பொய்யா சாவு பதிஞ்சதுக்கு வேல போகும். ஜெயில்கூட. நாம ஒருத்தர் சொன்னா, மிச்ச முப்பத்தாறு சாவும் அப்படியேதான் இருக்கும். மத்தவங்க வாயத் திறப்பாங்களா?" என்றாள் டாக்டர்.

"திறக்க மாட்டாளுவ. நானே திறந்திருக்க மாட்டேன்." பியூலா நாற்காலியில் உட்கார்ந்தாள். "சண்முகவடிவுன்னு ஒருத்தி டாக்டர். உப்பளத்துக்காரிதாம். அவளுக்கும் பத்தரன்னு எழுதுனேன். ரத்தம் போயி பிரசவத்துலயே செத்துப்போனா. பதிவேட்டுல பத்தர இருக்கேன்னு அன்னைக்கு யாரும் எங்கிட்ட ஒரு கேள்வி கேக்கல. இருவது வருசமா நானும் யார்கிட்டயும் சொல்லல. இத்தன வருசம் கழிச்சு மறுபடி ஒரு பொய்ய எழுதிட்டு, அது ஊரெல்லாம் பொம்பளையளக் கொல்லுறதப் பாத்துட்டு இருக்க எனக்கு முடியாது. வேல போனாப் போவுது."

அந்த முப்பத்தேழு சாவுகளையும் விசாரிக்கும் இறப்பு ஆய்வுக் கூட்டம் மாவட்டத் தலைநகரில், செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு. இறந்தவளின் கோப்போடு நர்ஸ் நேரில் வர வேண்டும் என்று உத்தரவு. பியூலா கோப்பை எடுத்துக்கொள்ளவில்லை. தன்ஷிகாவை எடுத்துக்கொண்டாள். இரண்டரைக் கிலோவை நெருங்கிக்கொண்டிருந்த குழந்தை இசக்கிராஜாவின் நெஞ்சில் துணிக்குள் தூங்கிக்கொண்டு வந்தது.

"என்னயப் பிடிச்சு வைப்பாங்களா சிஸ்டர்?" என்று பஸ்ஸில் தன்ஷிகா கேட்டாள்.

"ஒன்ன என்னட்டி பண்ணுவானுவ? நீதாம் செத்துட்டியே. என்னயத்தாம் பிடிப்பானுவ."

அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், கூட்ட அறைக்கு வெளியே நீளமான வராந்தா. பியூலா படியேறித் திரும்பியதும் நின்றுவிட்டாள். பெஞ்சில் வேறொரு ஊர் நர்ஸ் கோமதி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் வெளுத்துப்போன ஒரு பெண், மடியில் எலிக்குஞ்சு போல ஒரு குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கோமதி பியூலாவைப் பார்த்தாள், தன்ஷிகாவைப் பார்த்தாள், இசக்கிராஜாவின் நெஞ்சைப் பார்த்தாள்.

"ஒங்க ஆளு எப்பக்கா செத்தா?" என்று கேட்டாள்.

"போன மாசம் ஒம்பதாந் தேதி. ஒன்னோடது?"

"அதுக்கு முந்துன மாசம். இவ புருஷன் வளையல மாட்டுக்குக் கட்டிட்டான்க்கா. மாட்டுக்குப் பதிமூணர இருந்திருக்கு."

பியூலா அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். படியில் காலடிச் சத்தம் கேட்டது. இன்னொரு நர்ஸ், இன்னொரு பெண், இன்னொரு குழந்தை. அவர்களுக்குப் பின்னால் இரண்டு பேர். லிஃப்ட் திறந்து மூன்று பேர். யாரும் யாரோடும் பேசிவைத்துக்கொண்டு வரவில்லை. ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு, வேலையை விட்டுவிடத் துணிந்து வந்திருந்தாள். பதினொன்றே காலுக்கு வராந்தாவில் நிற்க இடமில்லை. எட்டு பத்துக் குழந்தைகள் ஒரே நேரத்தில் அழுதன.

கதவைத் திறந்துகொண்டு ஒரு குமாஸ்தா பட்டியலோடு வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்த்து எரிச்சலானார்.

"இது தடுப்பூசி போடுற இடம் இல்லம்மா. கீழ போங்க எல்லாரும். உள்ள இறப்பு ஆய்வு நடக்குது." யாரும் அசையவில்லை. அவர் பெருமூச்சு விட்டுப் பட்டியலைப் படித்தார். "இறந்தவர் பேர் தன்ஷிகா, வெள்ளாங்கரை. அதுக்குரிய ஆள் யாரு?"

பியூலா எழுவதற்குள், தன்ஷிகா புருஷனின் நெஞ்சிலிருந்து குழந்தையை அவிழ்த்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நாந்தாம் சார்" என்று உள்ளே நடந்தாள்.